அங்கே எல்லாரும் சுகமா?

லிங்கராஜபுரம், பெங்களூர்
16 ஜூன் 2024

பிரியமுள்ள ஜெயக்கொடிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் சுகத்துக்காகவும் உன் முழங்கால் வலிக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான். நம் சபைப் போதகர் ஐயரிடம் பேசினேன். "நேர்ல வந்து வாசல்ல நிக்காதீக. மொதல்ல ஒரு கடுதாசி போடுங்க. டீச்சரம்மா வாசிக்காமக் கிழிக்கிற ஆள் இல்ல" என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நீ கதவை அடைத்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. சிவகாசி ரத்தினசாமி அண்ணாச்சி அச்சகத்துக்குக் காலண்டர் ஆர்டர் எடுக்கும் அதே வேலைதான் இன்னும். அதே பெட்டி, அதே மாதிரிப்பட ஆல்பம், கடை கடையாக ஏறி இறங்குவது. சுகுணாவோடு வாழ்ந்ததை விட்டுவிட்டேன். தனி அறை எடுத்து, நானே பொங்கித் தின்கிறேன். பொங்குவது என்று சொல்வது பெரிய வார்த்தை.

போன ஞாயிறு இங்கே தமிழ் ஆராதனையில் ஓசியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பிரசங்கம். அவருடைய மனைவி கோமேர் அவருக்குத் துரோகம் செய்துவிட்டுப் போகிறாள். கர்த்தரோ, "நீ போய் அவளை மறுபடியும் நேசி" என்கிறார். ஓசியாவும் போய் அவளை அழைத்து வருகிறார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தக் கோமேர் நான்தான் ஜெயா. நீ எனக்கு ஓசியாவாக இருப்பாயா? வீட்டுக்கு வர அனுமதி கொடு.

உன் கணவன் என்று எழுதத் தகுதி இல்லாத,
ஜாபஸ்

•

விருதுநகர்
30 ஜூன் 2024

மல்லாங்கிணறு வேதமாணிக்கம் மகன் ஜாபஸ் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். முழங்கால் சுகம் இல்லை. ஆகவே ஜெபத்தை நிறுத்திவிட வேண்டாம்.

நம் சபையில் ஓசியாவைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. பிரசங்கம் தொடங்கியதும் ஆண்கள் பக்கம் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓசியா ஆகிவிடுவார்கள். கோமேர் நான்தான் என்று தானே முன்வந்து சொன்ன ஆண்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். சிரித்துவிட்டேன். இந்த இரண்டு வருஷத்தில் உங்களால் நான் சிரித்தது இது ஒன்றுதான்.

போனை ஏன் எடுப்பதில்லை என்றால், நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழுதால் நான் இளகிவிடுவேன். சொல்ல வேண்டியதில் பாதியை அழுகையோடு முழுங்கிவிடுவீர்கள். நானும் போகட்டும் என்று விட்டுவிடுவேன். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அப்படி எவ்வளவோ விட்டாயிற்று. காகிதத்தில் அழ முடியாது.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஓசியா புஸ்தகத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவசரத்தில் கடைசி அதிகாரத்தை முன்கூட்டியே புரட்டிவிட்டேன். அதில், திரும்பி வருகிறவர்களிடம் ஆட்டைக் கொண்டுவா, மாட்டைக் கொண்டுவா என்று ஓசியா கேட்கவில்லை. வார்த்தைகளைக் கொண்டுவரச் சொல்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. நீங்களும் கொண்டுவாருங்கள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள். நான் துருவிக் கேட்டு நீங்கள் சொல்வதாக இருக்கக் கூடாது. நீங்களாகச் சொல்ல வேண்டும்.

முழுவதும் சொன்னால் கதவைத் திறப்பதைப் பற்றி யோசிக்கிறேன். ஒன்றை மறைத்தாலும் அடைத்தது அடைத்ததாகவே இருக்கும். இதில் பேரம் கிடையாது.

உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஜெயக்கொடி

•

பெங்களூர்
14 ஜூலை 2024

என் ஜெயாவுக்கு,

நான் சுகம். நீ எழுதினாயே, அதுவே எனக்குப் பாதி சுகம்.

எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்து எழுதியிருக்கிறேன்.

சுகுணா தையல்காரி. நான் காலண்டர் சீசனில் தங்கும் மாடி அறைக்குக் கீழே மிஷின் போட்டிருந்தாள். கோலார் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பெற்றவர்கள் இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனதில் தொடங்கியது. அவள் உன்னைப் பற்றிக் கேட்டபோது, எனக்கும் என் மனைவிக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டோம் என்று சொன்னேன். அது பொய். அந்த வாரம்தான் நீ எனக்கு அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாய். அதை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூன்று சீசன் அப்படியே போனது. ஊருக்கு வந்தால் உன்னிடம் பொய், இங்கே வந்தால் அவளிடம் பொய். சபையில் நின்று வேதபாடம் வாசித்தேன். என் குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நீ கண்டுபிடித்து வெளியே போ என்றபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பிறகுதான் வெட்கம் வந்தது.

போன வருஷக் கடைசியில் அவள் வீட்டை விட்டுத் தனியாக வந்தேன். சண்டை இல்லை. "உனக்கு எங்க இருந்தாலும் பாதி மனசு வேற எங்கயோதான் இருக்கு" என்றாள். இதுதான் எல்லாம். இதற்கு மேல் என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜாபஸ்

•

விருதுநகர்
28 ஜூலை 2024

அத்தானுக்கு,

இப்படி எழுதி ரொம்ப நாள் ஆயிற்று. நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

கடிதத்தை வாசித்து அழுதேன். அதிரச விஷயத்துக்குத்தான் கோபம் அதிகமாக வந்தது. மற்றது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வலி. ஆனாலும் நீங்கள் உங்களை நல்லவராகக் காட்டிக்கொண்டு எழுதவில்லை. அது எனக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

ஓசியாவில் ஒரு இடம் உண்டு. உங்கள் அன்பு விடியற்காலத்து மேகம் மாதிரி, சீக்கிரம் காய்ந்துபோகிற பனி மாதிரி என்று கர்த்தர் தம் ஜனத்தைக் கடிந்துகொள்கிறார். விருதுநகர்க்காரிக்கு அதை விளக்கத் தேவையில்லை. மார்கழியில் வாசற்படி நனைந்திருக்கும். எட்டு மணிக்குப் பார்த்தால் வெயில்தான். உங்கள் மனந்திரும்புதலும் அப்படி ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் என் பயம்.

அக்டோபர் முதல் ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. அசன விருந்துக்கு வாருங்கள். நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். முன் அறையில் உங்கள் நாற்காலியில் விடைத்தாள் கட்டுகளை ஏற்றி வைத்திருந்தேன். இன்று இறக்கி வைத்துவிட்டேன்.

ஜெயக்கொடி

•

பெங்களூர்
1 செப்டம்பர் 2024

என் ஜெயாவுக்கு,

நான் சுகம், சந்தோஷம். உன் கடிதத்தை வேதப்புஸ்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். உடனே பதில் போட்டேனே, கிடைத்ததா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. முழங்கால் ரொம்பப் படுத்துகிறதா? பள்ளியில் வேலை அதிகமா?

பண்டிகைக்கு அண்ணாச்சியிடம் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டேன். "சீசன்ல லீவு கேக்கியே, பைத்தியமாலே ஒனக்கு?" என்றார். வீட்டுக்குப் போகிறேன் அண்ணாச்சி என்றேன். "அப்ப சரி, போயிட்டு வா" என்றார்.

நீல நிறத்தில் ஒரு சட்டை எடுத்திருக்கிறேன். ஒரு வரி எழுது.

உன்
ஜாபஸ்

•

விருதுநகர்
15 செப்டம்பர் 2024

திரு. ஜாபஸ் அவர்களுக்கு,

நான் சுகம்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக்குப் போகிற கூட்டத்தில் எனக்குப் பஸ் கிடைக்கவில்லை. பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். தலைமையாசிரியை பொன்னுத்தங்கம் அக்கா மேஜையில் காலண்டர் ஆல்பத்தை விரித்து வைத்திருந்தார். பள்ளிப் பெயர் போட்டு 2025 காலண்டர் அடிக்க வருஷா வருஷம் படம் தேர்ந்தெடுப்போம், உங்களுக்குத் தெரியாததா. உங்கள் அண்ணாச்சி அச்சகத்து ஆல்பம்தான், ஆடிப்பெருக்குக்கு வெளியானது.

ஏழாம் பக்கத்தில் ஒரு குழந்தை. ஒரு வயது இருக்கும். மஞ்சள் கவுன், கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். போட்டோ எடுக்கிறவரைப் பார்த்து முறைக்கிறது. பொன்னுத்தங்கம் அக்கா, "இந்தப் பிள்ளையப் பாரு ஜெயக்கொடி, எங்கனயோ பார்த்த மொகமா இருக்கு. முறைக்கிறதும் அழகாத்தான் இருக்கு. இதையே போட்ருவமா?" என்றார். நானும் பார்த்தேன். அந்தக் குழந்தையின் இடது புருவம் நடுவில் விட்டுப்போய், இரண்டு துண்டாக இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் போட்டோவைப் பார்த்து, சின்ன வயதில் விழுந்துவிட்டாரா என்று நான் கேட்டது நினைவிருக்கும்.

போடலாம் அக்கா என்று சொல்லிவிட்டேன். ஆர்டர் கொடுத்தாயிற்று.

பண்டிகைக்கு வர வேண்டாம். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன்.

அங்கே எல்லாரும் சுகமா?

ஜெயக்கொடி

•

பெங்களூர்
6 அக்டோபர் 2024

பிரியமுள்ள ஜெயாவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இன்று ஊரில் பண்டிகை. அசனச் சாப்பாட்டு வாசனை இங்கே வருவது போல இருந்தது. நீ வர வேண்டாம் என்று எழுதியதால் வரவில்லை. நீ சொன்னபடிதான் நடப்பேன்.

சீசன் கடுமை. இந்த வருஷம் பேப்பர் விலை ஏறிவிட்டதால் கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாமி படம், இயற்கைக் காட்சி என்று கலந்து ஓடுகிறது. நீ ஓசியாவைத் தொடர்ந்து வாசிப்பது எனக்குப் பெரிய ஆறுதல். அதில் கர்த்தர், "நான் அவர்களுடைய சீர்கேட்டைக் குணமாக்குவேன்" என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டாயா? என்ன கிருபை! பின்மாற்றம் எவ்வளவு பெரிதானாலும் அவர் மனப்பூர்வமாக நேசிக்கிறார்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய். மாடிப்படி ஏறாதே.

நான் இங்கே சுகம்.

ஜாபஸ்

•

விருதுநகர்
17 நவம்பர் 2024

திரு. ஜாபஸ் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் கடிதத்தில் சாமி படம் இருக்கிறது, இயற்கைக் காட்சி இருக்கிறது. குழந்தைப் படம் மட்டும் இல்லை. இந்தப் பக்கம் அதுதான் ஓடுகிறது.

தீபாவளிப் பட்டாசு லோடெல்லாம் போய் முடிந்து, காலண்டர்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. பலசரக்குக் கடையில் அந்தக் குழந்தை. மருந்துக் கடையில் அந்தக் குழந்தை. சூலக்கரையில் டீக்கடை வைத்திருக்கிற சங்கிலிமுத்து அண்ணன் பாய்லருக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஆவியில் அதன் முகம் வேர்த்துப்போய் இருக்கிறது. நேற்று ஆலயத்தின் பக்கத்து அறையிலும் யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். ஊரே பார்க்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்து, நான் அதன் முன்னால் நின்று பால் பாக்கெட் வாங்குகிறேன். இதை யாரிடம் சொல்வது?

ஓசியாவை முடித்துவிட்டேன். பிரசங்கத்தில் சொல்லாத இரண்டு விஷயம் அதில் இருக்கிறது.

ஒன்று, அவர் கோமேரை அழைத்துவந்த அன்றே விளக்கேற்றிக் குடித்தனம் தொடங்கவில்லை. நீ அநேக நாள் எனக்காகக் காத்திரு, வேறு யாரிடமும் போகாதே, நானும் அப்படியே உனக்காகக் காத்திருப்பேன் என்கிறார். அநேக நாள். ஐயர்மார் அந்த வரியை வேகமாக வாசித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று பிள்ளைகள். மகளுக்கு இரக்கம் பெறாதவள் என்று பெயர். மகனுக்கு என் ஜனம் அல்ல என்று பெயர். இதை வாசித்ததும் எனக்கு ஓசியாமேலேயே கோபம் வந்தது. பெரியவர்கள் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்? வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட என்னால் முடியுமா? ஆனால் மேலே வாசித்தால், பிள்ளைகளின் பெயர் மாறிவிடுகிறது. இரக்கம் பெற்றவள், என் ஜனம் என்று ஆகிவிடுகிறது. அது எப்போது தெரியுமா? கோமேர் வீடு திரும்புவதற்கு முன்னாலேயே.

கிறிஸ்மஸ் நன்றாக இருக்கட்டும். அங்கே எல்லாரும் சுகமா?

ஜெயக்கொடி

•

பெங்களூர்
5 ஜனவரி 2025

ஜெயாவுக்கு,

வருஷப் பிறப்பு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று உடன்படிக்கை ஜெபத்தைச் சொன்னார்கள். நான் மட்டும் பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

அவள் பெயர் ஷெரின். வருகிற ஆகஸ்டில் மூன்று வயது ஆகும். நீ என்னை வெளியே போகச் சொன்னபோது சுகுணா ஆறு மாதம். உன்னிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நமக்குப் பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது நீ என் தோளில் சாய்ந்தபடியே வந்தாய். அந்த முகத்திடம் இதை எப்படிச் சொல்வேன்?

படம் நான் கொடுத்ததுதான். போன வருஷம் அண்ணாச்சி, கன்னட ஆல்பத்துக்குப் புதுக் குழந்தை முகம் வேண்டும் என்று கேட்டார். முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த படம் என் பையில் இருந்தது. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக் கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன. என் பிள்ளை என்று யாரிடமும் சொல்ல முடியாதவன், ஊர் சுவரில் மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். அண்ணாச்சிக்குப் பிடித்துப்போய்த் தமிழ் ஆல்பத்திலும் போடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அப்பா பெயர் கேட்டார்கள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். சுகுணா தன் எழுத்தையே தலைப்பெழுத்தாகக் கொடுத்தாள். எஸ். ஷெரின்.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்காக ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன். மாதா மாதம் ஏதாவது அனுப்பிவிட்டு, குழந்தையைப் பார்ப்பதை அடியோடு நிறுத்திக்கொள்கிறேன். வேறு ஏஜெண்டு போட்டுவிட்டுச் சிவகாசிக்கே வந்துவிடுகிறேன். உன்னைவிட எனக்கு யாரும் பெரிதில்லை என்று இப்போதாவது நம்புவாயா?

ஜாபஸ்

•

விருதுநகர்
19 ஜனவரி 2025

திரு. ஜாபஸ் அவர்களுக்கு,

நான் சுகமாக இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்னதற்காக இல்லை. அதைத்தான் ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன். வந்ததும் மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆனது. கடைசியில் ஒரு பாரா எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

எனக்காகக் குழந்தையை விடுகிறீர்களா? நான் எப்போது கேட்டேன்? அங்கே போவதற்கு என்னை விட்டீர்கள். இங்கே வருவதற்கு அவளை விடுகிறீர்கள். இரண்டும் ஒரே கால்தான் அத்தான். போகிற திசைதான் வேறு. இதற்கு மனந்திரும்புதல் என்று பெயர் வைத்தால் ஓசியா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

நமக்குப் பிள்ளை இல்லை என்பதை நான் அழுது முடித்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது. உங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்பதற்கு இந்த ஐந்து மாதம் அழுதேன். பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன். காலண்டரில் அந்த முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்த நாளும் உண்டு. ஆனால் தகப்பன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போய்விட்டான் என்று வாசித்தபோது, எனக்காக வரவில்லை கோபம்; அவளுக்காக வந்தது.

என் வகுப்பில் அம்மாவின் எழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்த பிள்ளைகள் உண்டு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை; பெற்றவள் பெருமையாகக் கொடுத்தால் அது நல்ல எழுத்து. தகப்பன் ஓடிப்போனதால் அந்த எழுத்து வந்தது என்றால் பிள்ளைக்கு ஒருநாள் தெரிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடுகிறது.

ஆகவே இனி எனக்கு வார்த்தை வேண்டாம், செய்து காட்டுங்கள். சுகுணாவிடம் போய் நில்லுங்கள். அவளுக்குச் சம்மதமானால் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். அண்ணாச்சியிடம் யாருடைய குழந்தை என்று சொல்லுங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள். எழுதாவிட்டால், இதுவே நமக்குள் கடைசிக் கடிதம்.

அங்கே எல்லாரும் சுகமா?

ஜெயக்கொடி

•

பெங்களூர்
30 மார்ச் 2025

ஜெயக்கொடிக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது. தாமதத்துக்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். முதல் மாதம் பயந்துகொண்டு சும்மா இருந்தேன். உன் கடைசி வரி தினமும் கண்ணில் பட்டது. தபசு காலம் தொடங்கிய சாம்பல் புதனுக்குப் பிறகுதான் கால் எழுந்தது.

சுகுணா மிஷினை நிறுத்தாமலேயே நான் சொன்னதைக் கேட்டாள். "நீ இருக்கிறதும் போறதும் எனக்கு ஒண்ணுதான். என்னக் கட்டிக்கோன்னு நான் கேக்கல. ஆனா நாளைக்கு ஸ்கூல்ல எவளாவது அப்பன் பேர் கேட்டா, எம் பொண்ணு தலையக் குனியக் கூடாது" என்றாள். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் மிஷினை நிறுத்தினாள். நீயும் நானும் பிரிந்துவிட்டோம் என்று நான் சொன்னது பொய் என்பதையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். வெளியே போகச் சொன்னாள். மறுநாள் காலையில் அவளே ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு என்னோடு மாநகராட்சி ஆபீசுக்கு வந்தாள்.

பெயர் சேர்த்தாயிற்று. ஜே. ஷெரின். கிளார்க் என்னைப் பார்த்து, "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுங்கள் என்றேன்.

அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "ஏலே, இத்தன வருஷமா எங்கூட இருந்துக்கிட்டு... சரி, பிள்ள சாடை ஒன்னயக் கொண்டுதாம்லே இருக்கு" என்றார். இனிமேல் ஊரில் தெரிந்துவிடும். தெரியட்டும்.

சுகுணா வீட்டில் நான் தங்கவில்லை, தங்கவும் மாட்டேன். என் அறை தனிதான். தினமும் சாயங்காலம் போய் ஷெரினைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். கடையில் தன் காலண்டரைப் பார்த்தால், "பாப்பா கோவமா இருக்கு" என்கிறாள். அது அவள்தான் என்று சொன்னால் நம்புவதில்லை.

வீட்டுக்கு வரட்டுமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. செப்டம்பரிலிருந்து நீ ஒவ்வொரு கடிதத்திலும் எல்லாரும் சுகமா என்று கேட்டாய். நான் ஒரு தடவையும் பதில் சொல்லவில்லை.

இங்கே எல்லாரும் சுகம்.

ஜாபஸ்

•

விருதுநகர்
13 ஏப்ரல் 2025

ஷெரினுடைய அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இன்று குருத்தோலை ஞாயிறு. ஓலையைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். நான் சுகம். முழங்காலும் இந்த வாரம் பரவாயில்லை. ஜெபம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது போல.

அண்ணாச்சி வாயில் எதுவும் நிற்காது. வியாழக்கிழமையே பொன்னுத்தங்கம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் வந்து, "எப்படித் தாங்குத ஜெயக்கொடி? காலண்டரக் கழத்திரச் சொல்லட்டா?" என்றார். வேண்டாம் அக்கா, வருஷம் முடிகிறவரை இருக்கட்டும் என்றேன். தினமும் காலையில் நான்தான் தாள் கிழிக்கிறேன். இப்போது அவள் முறைப்பது எனக்குப் பழகிவிட்டது. நானும் திருப்பி முறைக்கிறேன்.

மே மாதம் எனக்கு லீவு. சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, பொம்மை, சாயங்காலம் சுண்டல். ஷெரினை அனுப்பச் சொல்லிச் சுகுணாவிடம் கேளுங்கள். அழாமல் கேளுங்கள். தாயை விட்டு அந்த வயதுப் பிள்ளை வராது, வரவும் கூடாது. ஆகவே அவளும் வரட்டும். உள் அறையை ஒழித்து வைக்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் பொய் ஆகிவிடும். ஆனால் என்னிடம் சொன்ன பொய்யைப் போல ஒன்றைத்தான் அவளிடமும் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்கும்.

நீங்களும் வாருங்கள். ஆனால் இந்த வீட்டுக்கு இல்லை. மல்லாங்கிணற்றில் உங்கள் அப்பா வீட்டுச் சாவியை ஐயரிடம் கொடுத்து வைக்கிறேன். அங்கே தங்குங்கள். காலையில் பஸ் ஏறி வந்து பிள்ளையைப் பாருங்கள், சாயங்காலம் போய்விடுங்கள். எத்தனை நாள் என்று என்னைக் கேட்க வேண்டாம். ஓசியாவே கணக்குச் சொல்லவில்லை, அநேக நாள் என்றுதான் சொன்னார். அந்த வரியின் மற்றப் பாதியையும் நான் மறக்கவில்லை. காத்திருக்கிறது நீங்கள் மட்டும் இல்லை, நானும்தான். நாற்காலியில் விடைத்தாள் கட்டை மறுபடியும் ஏற்றவில்லை.

நாகர்கோவில் ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு நேரே இந்த வீட்டுக்கு வருவேன். அநேக நாள் என்பது உங்களுக்கு. குழந்தைக்கு ஒரு நாள்கூடக் கிடையாது.

அங்கே எல்லாரும் சுகமாக இருங்கள்.

ஜெயக்கொடி